ஒரு பாகம் கீழே

சென்ற மாதம் நம் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் அறிக்கை கைமாறி வந்தது. டால்பின்களைக் கொடிய மீன்பிடி முறைகளிலிருந்து காக்க வேண்டும் என்று தமிழ் எழுத்தாளர்கள் அரசுக்கு விடுக்கும் வேண்டுகோள். என்னிடம் வருவதற்குள் பதினொரு கையெழுத்துகள் விழுந்திருந்தன. படித்துவிட்டுப் பக்கத்து நண்பரிடம் நகர்த்தினேன். கையெழுத்திடவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அங்கேயே பதில் சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துபோகிற வாக்குவாதமாக ஆகியிருக்கும். எழுதித் தருகிறேன் என்றேன்.

டால்பின்கள் செத்தால் எனக்கென்ன என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு வசதியான எதிரியாக என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு பதில் எழுதத் தயாராகிறவர்கள் அந்தச் சிரமத்தை விட்டுவிடலாம். நோக்கத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபம் அறிக்கையின் தமிழின் மேல். தமிழின் மேல்தானே என்று யாரும் ஆறுதல் அடையவும் வேண்டாம்.

அறிக்கை ஒரு பக்கம். அதில் 'நீலம்' நான்கு முறை வருகிறது. 'மௌனம்' மூன்று முறை. 'பிரபஞ்சம்' இரண்டு முறை. 'வலை' என்ற சொல் ஒரே ஒரு முறை. அதுவும் பேராசையின் வலை. நைலானில் பின்னிய வலை, கண்ணி இத்தனை, நீளம் இத்தனை, விலை இத்தனை என்று கணக்குள்ள வலை, ஒரு மனிதன் தோளில் சுமந்து படகில் ஏற்றுகிற வலை, ஒரு வரியிலும் இல்லை. கொடிய மீன்பிடி முறை என்கிறார்கள். எந்த முறை? இழுவைமடியா, இரட்டைமடியா, சுருக்குமடியா, மிதக்கவிடும் செவுள்வலையா? எழுதியவர் சொல்லவில்லை. கையெழுத்திட்ட பதினொரு பேரும் கேட்கவில்லை. ஒரு கவிதையில் ஒரு படிமம் எங்கே காலூன்றி நிற்கிறது என்று மூன்று இதழ்களுக்குச் சண்டை போட்டவர்கள் இவர்களில் இருக்கிறார்கள்.

அந்தப் பிராணியின் பெயரும் அறிக்கையில் இல்லை. டால்பின் என்று போட்டிருக்கிறார்கள். போடட்டும். பஸ் என்று எழுதுகிறோம், பாங்க் என்று எழுதுகிறோம். ஆனால் நம் கரையில் இதற்கு ஓங்கில் என்று ஒரு பெயர் உண்டு. கரைக்குக் கரை ஓங்கல் என்றும் ஒலி மாறும். ஒரு பெயர் இருக்கிறதென்றால் அதை வைத்தவன் இருக்கிறான். அந்தப் பிராணியைக் கண்டவன், வலையைக் கிழித்ததற்காக அதைத் திட்டியவன், வலையை அறுத்து அதை விட்டவன் அங்கே தலைமுறைகளாக இருக்கிறான். டால்பின் என்கிறபோது நம் மனசில் எழுவது ஒரு நீச்சல் குளமும் மூக்கால் தட்டுகிற பந்தும். அந்த வேடிக்கையும் நம் ஊருக்கு வந்தது. 1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்கேரியாவிலிருந்து ஓங்கில்களைக் கொண்டுவந்து இறக்கிக் காட்சிசாலை திறந்தார்கள். சில மாதங்களில் அவை செத்துப்போயின. 2013இல் மத்திய அரசு இப்படிப்பட்ட காட்சிசாலைகளே கூடாது என்றது. அரசு மூடிய அந்தக் குளத்தில்தான் நம் அறிக்கையின் டால்பின் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது.

*

நான் இருப்பது திருமழிசையில். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பூந்தமல்லியைத் தாண்டி, சென்னை முழுவதையும் குறுக்கே கடந்து போகவேண்டும். கடல்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஐஸ் பெட்டியில் எங்கள் ஊருக்கு வருகிறது. வஞ்சிரம், சூரை, சங்கரா. இதில் வஞ்சிரமும் சூரையும்தான் நம் விஷயம்.

இரண்டையும் பிடிக்கிற வலைகளில் முக்கியமானது மிதக்கவிடும் செவுள்வலை. பெரிய கண்ணி வைத்ததைத் தூத்துக்குடிப் பக்கம் பருவலை என்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் கடலில் ஒரு சுவரைப் போல இதை இறக்கி, படகோடு சேர்த்து நீரோட்டத்தில் மிதக்க விட்டு, விடிவதற்குள் இழுக்கிறார்கள். மீன் தலையை நுழைக்கும், செவுள் மாட்டும். அதே மீனைத் துரத்தி வருகிற ஓங்கிலும் மாட்டும். ஓங்கில் மீன் இனம் இல்லை. நம்மைப் போல நுரையீரல் உள்ளது. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். நைலான் சுற்றிக்கொண்டால் மேலே வரமுடியாது. நீரிலேயே பிறந்து வளர்ந்த பிராணி நீரில் மூச்சு முட்டிச் சாகிறது. இதில் வலைபோட்டவனின் பேராசை எங்கே வந்தது? அவன் ஓங்கிலைத் தேடிப் போகவில்லை. அது மாட்டினால் அவனுக்கு நஷ்டம்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு, 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரைச் செவுள்வலைகளில் மாட்டிய ஓங்கில் முதலான சிறு திமிங்கில இனங்கள் 41 லட்சம் என்று மதிப்பிட்டது. 2004-06இல் அது உச்சத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். பிறகு 80,000 அளவுக்கு இறங்கியது. யாரும் திருந்தி இறங்கவில்லை. மாட்டுவதற்கு ஓங்கில் குறைந்துபோய்விட்டது. 1980க்கு முன் இருந்ததில் 13 சதவீதம்தான் மிச்சமிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. இந்த வலைகளை விரிக்கிறவை ஈரான், இந்தோனேசியா, பாகிஸ்தான், இலங்கை, இந்தியா போன்ற நாடுகள். அறிக்கையில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. எண் வந்தால் கவித்வம் கெட்டுவிடும் என்பது நம் வட்டத்தின் பழைய மூடநம்பிக்கை.

இந்த வலை யார் கொடுத்தது என்ற கேள்வியும் உண்டு. பருத்தி நூல் வலை கனமானது, மட்கும், உலர்த்திப் பராமரிக்க வேண்டும். ஆள்பலத்துக்குத் தக்கபடிதான் போட முடியும். 1952இல் நார்வேயோடு ஒப்பந்தம் போட்டுக் கொல்லம் பக்கம் விசைப்படகுகளை இறக்கியதிலிருந்து வளர்ச்சி என்ற பெயரில் என்ஜினும் நைலானும் கரைகளுக்கு வந்தன. மானியம் அரசு தந்தது. கடன் பாங்க் தந்தது. 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதவலைகளை 1992 முடிவோடு ஆழ்கடலில் நிறுத்தும்படி ஐ.நா. 1991இல் தீர்மானம் போட்டது. வலைக்கு நீளம் என்று ஒன்று உண்டு, அது ஒரு தார்மீகப் பிரச்னை என்று உலகத்துக்குப் புரிய அவ்வளவு காலம் ஆனது. எனக்கு இன்னும் அதிக காலம் ஆனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

ஏழெட்டு வருஷங்களுக்கு முன் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க் கிளையில் எனக்கு வேலை. வலைக்கடன், என்ஜின் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புகிற மேஜை. வலைக்கடனில் வலையேதான் ஈடு. அதன் வகை, நீளம், கண்ணி, விலை, வாங்கிய ரசீது எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு. நீளம் என்ற கட்டத்தில் என்ன எண் இருந்தாலும் நான் டிக் போட்டேன். எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஒருநாள் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான்கு மாதமாகத் தவணை வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தோம். வலையில் பாதி போய்விட்டது என்றார். எதனால் என்று கேட்டேன்.

"ஓங்கில் சார்."

அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அந்தக் கவுண்ட்டரில். எனக்குப் புரியவில்லை என்று அவருக்குப் புரிந்தது.

"அதான் சார், டால்பின்னு டி.வி.ல காட்டுவாவள்ளா, அது."

எனக்காக அவர் தமிழிலிருந்து மொழிபெயர்த்தார். தாயும் குட்டியும் வந்ததாம். குட்டி வலையில் சுற்றிக்கொண்டது. தாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அது மூச்சு விடுறது நமக்குக் கேக்கும் சார். ராத்திரி இருட்டுல பக்கத்துல ஆள் நிக்கிற மாதிரி இருக்கும்." கத்தியை எடுத்து வலையை அறுத்திருக்கிறார். அறுத்த இடத்திலிருந்து நீரோட்டம் வலையைக் கிழித்துச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டது. குட்டி பிழைத்ததா என்று கேட்டேன். "கீழ போச்சு. பொறவு தெரியல."

ஈடு சேதமானதற்குக் காரணம் எழுதவேண்டிய ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது என்று என்னையே கேட்டார். ஓங்கில் என்று எழுதினால் வனத்துறை சமாசாரம். பாதுகாக்கப்பட்ட விலங்கு உன் வலைக்கு எப்படி வந்தது என்று ஆரம்பிக்கும். மேலே இருக்கிற அதிகாரியும் இப்படி ஒரு காரணத்தை ஏற்கமாட்டார். பாறையில் மாட்டிக் கிழிந்தது என்று போட்டுவிடலாம் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"அங்கன பாறையே கெடையாதே சார்."

பரவாயில்லை, படிக்கிறவருக்குத் தெரியாது என்றேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நானே எழுதினேன். நான் படித்த பி.ஏ. ஆங்கிலம் அந்தக் கிளையில் உபயோகப்பட்ட சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அவர் கீழே கையெழுத்துப் போட்டார். சில மாதம் கழித்து, தவணை வராததற்காக அவருக்குப் போன நோட்டீஸைத் தயாரித்ததும் நான்தான். பிறகு எனக்கு மாற்றல் வந்தது. இல்லாத பாறை அந்தக் கணக்கில் நிற்கிறது.

அதே வருஷம்தான், சொல் பொருளிலிருந்து நழுவுகிற இடத்தில்தான் ஒரு கலாசாரம் அழுக ஆரம்பிக்கிறது என்று சிறுபத்திரிகை ஒன்றில் நான் எழுதினேன். நம்மில் சிலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். கடிதங்கள் வந்த விலாசம் அந்தக் கிளையின் விலாசம்.

*

என்னைக் கிழித்துக்கொண்டு பெருந்தன்மை சம்பாதிக்க இதைச் சொல்லவில்லை. அந்தப் பாறை என் ஒருவனுடைய கோழைத்தனம் மட்டுமாக இருந்தால் டைரியில் எழுதிவிட்டு விட்டிருப்பேன். அது ஒரு முறையாகவே நடக்கிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணியைக் கொன்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுச் சிறை. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2023 மார்ச்சில் குஜராத்தின் போர்பந்தர் கடலில் 22 ஓங்கில் உடல்களோடு ஒரு படகு பிடிபட்டது. சுறாத் தூண்டிலுக்கு இரையாகக் கொன்றவை. பத்துப் பேர் கைதானார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். அது வேட்டை. சட்டம் அங்கே தன் வேலையைச் செய்தது. ஆனால் வேட்டையாடியவனுக்கும், விடியற்காலையில் வலையை இழுத்துப் பார்த்துத் திகைத்து நிற்கிறவனுக்கும் ஒரே பயத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டாமவன் செத்த ஓங்கிலைக் கடலிலேயே அமிழ்த்திவிட்டு வருவான். கரையில் வாய் திறக்கமாட்டான். கவுண்ட்டரில் வாய் திறந்தவரையும் என் போன்றவன் மூடவைப்பான்.

ஆறுகளில் இருக்கிற ஓங்கில்களை எண்ணி 6,327 என்று 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது. கங்கை ஓங்கில் தேசிய நீர்வாழ் விலங்கு. அதற்கு அந்த மரியாதை கிடைத்தது. நம் கடலில், நம் வலையில் சாகிறவற்றுக்குக் கணக்கு எழுதவேண்டிய இடங்களில் எல்லாம் பாறைகள் நிற்கின்றன. பங்குனி ஆமைகளின் கதையைப் பாருங்கள். 2025 ஜனவரியில் சென்னையையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த கரைகளில் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. கண்ணெதிரே கிடந்ததால் எண்ணினார்கள். எண்ணினதால் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. இழுவைமடிப் படகுகள் எங்கே, எப்போது ஓடின என்ற கேள்வி பிறந்தது. ஆமை கரைக்கு வந்து சாட்சி சொன்னது. ஓங்கிலுக்குச் சாட்சி மீனவன் ஒருவன்தான். அவனைத்தான் நம் அறிக்கை பேராசைக்காரன் என்று ஆரம்பிக்கிறது.

அவனைப் பேசவைக்க வழி இருக்கிறது; செய்தும் பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிர அரசு 2018லிருந்து, பாதுகாக்கப்பட்ட பிராணியை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25,000 ரூபாய்வரை நஷ்டஈடு தருகிறது. இங்கேயே, 2022 செப்டம்பரில் பாக்கு விரிகுடாவில் ஆவுளியாவுக்கு 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். வலையில் மாட்டிய ஆவுளியாவை விட்ட மீனவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஆவுளியாவை விட்டதாக மீனவர் தாமே வந்து சொல்வதற்கு அந்தப் பரிசும் ஒரு காரணம். அன்று என் கவுண்ட்டருக்கு வந்தவருக்கு அப்படி ஒரு 25,000 ரூபாய் இருந்திருந்தால் எனக்குப் பாறை தேவைப்பட்டிருக்காது.

இதையெல்லாம் அரசு தானாக யோசிக்குமா? ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். தங்கள் நாட்டு விதிக்குச் சமமாகக் கடற்பாலூட்டிகளைக் காக்காத நாடுகளின் மீன் வேண்டாம் என்று அமெரிக்கா 2016இல் விதி வகுத்தது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் மீன் ஏற்றுமதி வாரியத்தின் பணத்தில் ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் கணக்கெடுக்கிற வேலை மும்முரமானது. இறால் விலைபோகாது என்றதும் கருணை பிறந்தது. மன்னார் வளைகுடாவுக்கு ஓங்கில் காப்புத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்யச் சொல்வது என்றுதான் எழுத்தாளர்கள் யோசித்திருக்க வேண்டும். அறிக்கையில் அந்தத் திட்டத்தின் பெயரும் இல்லை.

*

அமெரிக்காவில் இந்த இயக்கம் ஜெயித்ததை உதாரணமாகச் சொன்னார் ஒரு நண்பர். எப்படி ஜெயித்தது என்று பார்க்கலாம். கிழக்குப் பசிபிக்கில் சூரைக் கூட்டத்தின் மேலே ஓங்கில் கூட்டமும் சேர்ந்து போகும். ஓங்கிலைக் கண்டு சுற்றி சுருக்குவலையை வளைப்பார்கள். 1960களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செத்தன. அதைக் குறைத்த முதல் உத்தி ஒரு சட்டத்திலிருந்தோ கவிதையிலிருந்தோ வரவில்லை. படகைப் பின்னுக்குச் செலுத்தி வலையின் ஒரு விளிம்பை நீரில் அமிழ்த்தினால் ஓங்கில்கள் அதன் மேலாக வெளியேறிவிடும் என்று படகுத் தலைவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த விளிம்பில் மூக்கு மாட்டாதபடி சிறு கண்ணித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தவர் மெதீனா என்ற படகுத் தலைவர். 1972இல் சட்டம் வந்தது. 1987இல் சாம் லபட் என்ற இளைஞர் ஒரு சூரைப் படகில் வேலைக்குச் சேர்ந்து, சமையல் செய்துகொண்டே, நடக்கிறதை ரகசியமாகப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் டின் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். 1990இல் பெரிய கம்பெனிகள் பணிந்தன. 1990களின் கடைசியில் சாவு சில ஆயிரங்களுக்குள் வந்துவிட்டது.

ஒருவர் வலையைத் தைத்தார். ஒருவர் படகில் சமைத்தார். நம் அறிக்கையை எழுதியவர் காசிமேட்டுக்குக்கூடப் போகவில்லை. நானும் இந்த விஷயமாகப் போனதில்லை. அதனால்தான் நீலமும் மௌனமும்.

இன்னொரு உதாரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பாகிஸ்தானின் சூரைப் படகுகளில் 2013லிருந்து சில ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. கணக்கெடுத்தவர்கள் படகில் இருந்தவர்களே. செவுள்வலையின் மேல்விளிம்பு நீர்மட்டத்தோடு நிற்காமல் இரண்டு மீட்டர் கீழே நிற்கும்படி மிதவைக் கயிற்றை நீட்டினார்கள். அவ்வளவுதான். ஓங்கில் மாட்டுவது முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. சூரை வரத்தில் பெரிய சரிவு இல்லை. மூச்சுக்கு மேலே வருகிற பிராணிக்கு மேலே ஒரு வழி திறந்துவிட்டார்கள்.

இரண்டு மீட்டர் என்பது நம் கடலில் ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். நம் மீனவர் ஆழம் அளப்பது அதில்தான். நம் வஞ்சிரத்துக்கும் நம் நீரோட்டத்துக்கும் இது அப்படியே பொருந்துமா என்பதைப் படகில் ஏறித்தான் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஒரு பருவம் முழுவதும் வரத்துக் குறைந்தால் யார் ஈடுசெய்வது என்பதையும் முன்கூட்டியே பேசவேண்டும். பேரம் பேசவேண்டிய, எழுதி வாங்கவேண்டிய, நச்சரிக்கவேண்டிய விஷயம். ஓங்கிலுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது ஒரு பாகம் கயிறு. அதைக் கேட்கிற வாக்கியம் நம்மிடம் இல்லை.

*

இது இலக்கியப் பத்திரிகையா, மீன்வளத்துறைச் சுற்றறிக்கையா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும். என் பதிலை எங்கள் ஊர்க் கதை ஒன்றோடு சொல்கிறேன்.

திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இது. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் காஞ்சியிலிருந்து அரசன் வெளியேற்றியபோது, சீடனோடு தானும் கிளம்பிய ஆழ்வார் பெருமாளையும் கிளம்பச் சொன்னார் என்பது கதை. பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அறிக்கை எழுதுகிற எல்லோருக்கும் உள்ளூர இந்தக் கதையில் நம்பிக்கை இருக்கிறது. கவிஞன் சொன்னால் கடலே எழுந்து வரும் என்று. நான் நாஸ்திகன், எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. ஆழ்வார் பெருமாளைப் பார்த்து அனந்தமே, மௌனமே என்று உருகவில்லை. பாயைச் சுருட்டு என்றார். எதை எடுப்பது, என்ன செய்வது, யாரோடு போவது எல்லாம் அந்தச் சொல்லில் இருந்தன. கேட்டவருக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்தது.

நம் நவீனத்துவம் வேறு விதமாகப் பழகிவிட்டது. பொருளை விட்டு மேலே எழுவதுதான் ஆழம் என்று முப்பது நாற்பது வருஷங்களாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். கடல் என்றால் நனவிலி, வலை என்றால் மாயை, மீன் என்றால் ஏதோ ஒன்று. அதனால் ஒரு நிஜமான வலையைப் பற்றி நிஜமான அரசுக்கு எழுதவேண்டி வந்தபோது கைவசம் பேராசையின் வலைதான் இருந்தது. நான் படிவத்தில் எழுதிய பாறையும் அறிக்கை எழுதியவரின் பிரபஞ்சமும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. நடந்தது என்ன என்பதைப் படிக்கிறவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கின்றன. நான் பயத்தில் செய்தேன். அவர் அழகுக்காகச் செய்கிறார்.

ஆகவே அறிக்கையைத் திருப்பித் தருகிறேன், பின்பக்கத்தில் வேறு மூன்று வாக்கியங்களை எழுதி. ஒன்று: மிதக்கவிடும் செவுள்வலையை ஒரு பாகம் கீழே இறக்கிப் போடுகிற சோதனையை, விருப்பமுள்ள மீனவர்களைக் கொண்டே, வரத்துக் குறைந்தால் ஈடுகொடுக்கும் உறுதியோடு, மன்னார் வளைகுடாத் திட்டத்தின் கீழ் நடத்த வேண்டும். இரண்டு: ஓங்கிலை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு வலையின் விலையைத் தரவேண்டும், தவறி மாட்டிச் செத்ததைக் கரையில் வந்து சொல்கிறவர் மேல் வழக்குப் போடக்கூடாது. மூன்று: வலைக்கடன் படிவத்தில் சேதத்துக்கான காரணங்களில் ஓங்கிலையும் ஆமையையும் சேர்த்து அச்சிட வேண்டும், அப்படிச் சேதமானால் தவணைக்கு அவகாசம் தரவேண்டும். மூன்றாவது வாக்கியம் சின்னது. அது என்னுடையது. நீக்கச் சொன்னால் சண்டை போடுவேன்.

இந்த மூன்றிலும் அழகு இல்லை என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தையில் வஞ்சிரம் வாங்கும்போது, இது எந்த வலையில் பிடித்தது என்று மீன் விற்கிற அம்மாவைக் கேட்டேன். "இன்னா சார் கேக்குற, வலையிலதான் புடிப்பாங்க, பின்ன கையிலயா புடிப்பாங்க?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிற காலம் வரும்வரை அந்த மீனுக்கும் நான்தான் பொறுப்பு.

அடுத்த கூட்டத்துக்கு அறிக்கையைக் கொண்டுவருகிறேன். பின்பக்கத்தின் கீழே என் கையெழுத்து இருக்கும். மற்ற பதினொரு பேருக்கும் இடம் விட்டிருக்கிறேன். போடுவதற்கு முன் படியுங்கள்.